பாட்டிக்கு மேம்பாலம் இல்லை

புயல் எச்சரிக்கை வந்தால் சென்னையில் தவறாமல் நடக்கும் ஒத்திகை, பால் பாக்கெட் வாங்குவது. 2024 அக்டோபர் மழைக்கு முன்பே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றன. 2015 வெள்ளம் புகட்டிய பாடம் அது. ஆகவே நமக்குப் படிப்பு ஏறாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. கார் எங்கே போக வேண்டும் என்று குடும்பத்துக்கே தெரியும். படியேற முடியாத பாட்டியை எங்கே கொண்டுபோவது என்பதில்தான் இன்னும் கருத்தொற்றுமை ஏற்படவில்லை.

பேரிடரில் என்ன செய்வது என்று பள்ளியிலேயே சொல்லித்தரலாமே என்றால், "கையில் செல்போன் இருக்க, இதற்கென்ன தனி வகுப்பு?" என்பார்கள். 2004 சுனாமியின்போது இந்தோனேசியாவின் சிமெலுவே தீவுக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை. நிலநடுக்கம் வந்த சில நிமிடங்களில் அலையே வந்துவிட்டது. 1907 பேரலை பற்றிப் பெரியவர்கள் வழிவழியாகச் சொன்ன கதைதான் கைவசம் இருந்தது: நிலம் குலுங்கி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு. 70,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்தான். செலவில்லை, டெண்டரும் இல்லை. இந்த முறை நம் அலுவலகங்களில் எடுபடாததற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். அடுத்த ஆட்சேபம், ஒத்திகை பார்த்தால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்பது. ஜப்பானின் கமைஷியில் 2011 சுனாமியின்போது, அபாய வரைபடத்தைக் கண்மூடி நம்பாதே என்று பயிற்சி பெற்ற மாணவர்கள், வரைபடப்படி ஆபத்தில்லாத பள்ளியை விட்டு மேட்டுக்கு ஓடினார்கள். அலை அந்தப் பள்ளியை மூழ்கடித்தது. நாமோ ஏரிக்குள் ஃப்ளாட் வாங்கிக் குடியேறிவிட்டு, பிள்ளைகளின் பயத்தைப் பற்றிக் கவலைப்படுகிறோம்.