பட்டுக் காவலர்

தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் நெடுங்காலமாக வாழ்ந்துவந்தும் சமூகவியலாரின் பட்டியலில் இன்னும் இடம்பெறாத ஒரு வகையினரைப் பட்டுக் காவலர் எனலாம். அத்தை, பெரியம்மா, மாமியார் என எந்த உறவுமுறையில் விளங்கினாலும் இவருடைய இலக்கணம் ஒன்றே: பட்டுப்புடவையை இவர் உடுத்துவதற்காக வாங்குவதில்லை, கெடாமல் வைத்திருப்பதற்காகவே வாங்குகிறார். இரவல் கொடுத்த பட்டுப்புடவை அழுக்காகிவிடுமோ என்று அஞ்சி, இரவல் வாங்கியவள் உட்காரும் இடமெல்லாம் போடுவதற்கு மணையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவளைப் பற்றிய பழமொழி, இந்தக் குலத்தின் ஆதித்தாயைப் பற்றியதே ஆகும். அவளுடைய வழித்தோன்றல்கள் இரவல் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள், அலைவதை நிறுத்தவில்லை.

திருமண மண்டபத்தில் இவரை இனங்காண்பது எளிது. இவர் நுழைவதற்கு முன்பே, பூச்சி அண்டாமலிருக்கப் பீரோவில் போடப்படும் அந்துருண்டையின் மணம் நுழைந்துவிடும். நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்து, அதில் ஆணி ஏதும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே அமரும் இவர், பந்தியில் ரச வாளி மூன்று இலைகளுக்கு அப்பால் வரும்போதே இரு கைகளாலும் தடுத்து, வேண்டாம் என்று அறிவித்துவிடுவார். பாசத்தோடு ஓடிவரும் குழந்தையின் கையில் ஜிலேபி இருக்குமானால், "கண்ணா, பட்டுடா! கை கழுவிட்டு வந்து பாட்டியைக் கட்டிக்கோ" என்னும் குரல் நாதசுரத்தையும் மீறிக் கேட்கும்.

வீடு திரும்பியதும் புடவையைக் களைந்து, வெயில் படாத அறையில் கொடியில் விரித்து, இரவு முழுவதும் மின்விசிறிக் காற்றில் உலரவிடுவதும், வியர்வையின் ஈரம் போகாமல் அதை மடிக்க முற்படும் மருமகளைக் கண்ணாலேயே நிறுத்துவதும் இவருடைய மாறா நியமங்கள். இதில் இவரைக் குறைகூற இடமில்லை. வியர்வை சாயத்தையும் சரிகையையும் கெடுக்கும், வெயில் பட்டின் நிறத்தை மங்கச் செய்து இழையையும் நலியச் செய்யும்.

உண்மையில், இவருடைய விதிகளில் பெரும்பாலானவை சரியானவை. அவற்றுக்கு இவர் சொல்லும் காரணங்களே விசித்திரமானவை. சலவைத்தூளை ஏன் தொடக்கூடாது என்று கேட்டால், "அது சூடு, பட்டுக்கு ஆகாது" என்பார். பட்டுப்புழு உமிழும் இழை, ஃபைப்ரோயின் என்னும் புரதத்தால் ஆனது. அதைப் போர்த்தியிருக்கும் செரிசின் என்னும் பசையை நெசவுக்கு முன்னரே சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் இட்டு நீக்கிவிடுவதால், நூலின் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்து, மென்மையும் பளபளப்பும் உடைய ஆனால் காரத்தைத் தாங்கமாட்டாத இழை எஞ்சுகிறது. சலவைத்தூளிலோ காரம் உண்டு. பலவற்றில், பால், முட்டை போன்ற புரதக் கறைகளைச் சிதைக்கும் நொதிகளும் உண்டு. பட்டும் புரதமே என்பதால், பால்பாயசக் கறைக்கும் பட்டுக்கும் இடையே அந்த நொதி பாகுபாடு காட்டுவதில்லை.

இவர் நம்புவது பூந்திக்கொட்டையை. விதை நீக்கிய அதன் தோலை இரவில் ஊறவைத்துப் பிசைந்தால் வரும் நுரைக்குக் காரணமான சபோனின் என்னும் பொருள், காரமின்றியே அழுக்கை அகற்றும். துவைக்கும் நாளில் வீட்டாருக்குப் பணிகள் பங்கிடப்படும். உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் நெய்யப்பட்ட காஞ்சிபுரம் கோர்வைப் புடவையாயின், கரையின் அரக்குச் சாயம் உடலின் சந்தன நிறத்தில் இறங்கிவிடாதபடி உடல், கரை, முந்தானை ஆகியவற்றைத் தனித்தனியே நனைக்க வேண்டும் என்பதால், ஒருவர் முந்தானையையும் மற்றொருவர் கரையையும் உயர்த்திப் பிடித்து நிற்க, காவலர் நடுவே அமர்ந்து அலசுவார். சாயம் நிற்பதற்காக இவர் போடும் ஒரு பிடி கல்லுப்புக்குச் சாயத்தோடு அப்படி எந்த உடன்படிக்கையும் இல்லை. ஆயினும் அதைச் சொல்லத் துணிந்தவர் குடும்பத்தில் இதுவரை எவருமில்லை. கடைசி அலசலில் சில துளி வினிகர் சேர்ப்பது மட்டும் பயனுள்ளது, ஏனெனில் எஞ்சிய காரத்தை அது போக்கும். நனைந்த பட்டு தன் வலிமையில் 20 விழுக்காடு வரை இழக்கக்கூடும் என்பதை அறியாமலேயே, "பிழியாதே!" என்று இவர் இடும் கூச்சல் முற்றிலும் அறிவியலுக்கு உகந்தது. பிழிவதற்கு மாறாகப் புடவையைத் துண்டோடு சேர்த்துச் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுப்பார்.

இவருடைய முன்னோருக்கு இத்தொல்லை குறைவு. மடி எனப்படும் ஆசாரத் தூய்மைக்குப் பருத்தியை நாள்தோறும் நனைத்து உலர்த்த வேண்டும்; பட்டுக்கோ துவைக்காமலே மடி உண்டு என்று வைதிகக் குடும்பங்களில் ஒரு சலுகை வழங்கப்பட்டிருந்தது. அந்தச் சலுகையைப் பல ஆண்டுகள் அனுபவித்த பட்டின் அருகே நின்றவர்கள் அதன் தூய்மையை வேறுவிதமாகவும் உணர்ந்திருப்பார்கள்.

காவலர் தோற்பது பீரோவுக்குள்தான். சரிகை என்பது பட்டு நூலின்மேல் மெல்லிய வெள்ளித் தகட்டிழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. காற்றிலுள்ள கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். ஆகவே ஒவ்வொரு புடவையையும் பழைய பருத்தி வேட்டியில் பொதிந்து, அந்துருண்டை சரிகைமேல் படாதபடி தனித்துணியில் முடிந்து வைக்கும் இவருடைய முறை பாராட்டத்தக்கது. ஆனால் அப்படிப் பொதிந்தவற்றைச் சில மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து மடிப்பை மாற்றி வைக்க வேண்டும் என்னும் விதி, வெளியே எடுத்தால் தூசி படும் என்னும் அச்சத்தால் தள்ளிப்போகிறது. மகளின் திருமணத்துக்கு ஒருமுறை மட்டுமே உடுத்திய புடவை, பேத்தியின் திருமணத்துக்காகப் பிரிக்கப்படும்போது மடிப்புக் கோட்டிலேயே கீறிவிட, நெய்தவரும் விற்ற கடைக்காரரும் சேர்ந்து வசைபாடப்படுவர்.

இத்தகையவரிடமிருந்து பீரோச் சாவியைப் பெறும் மருமகள்கள், அடித்தட்டிலிருந்து பிரிக்கத் தொடங்குவார்களாக. நெடுநாள் மாற்றப்படாத மடிப்புகள் அங்கேதான் கிடக்கின்றன.