ஓரெழுத்து வரி

பிபிடிஎக்ஸ். அதன் வாலில் ஒட்டிய அந்த ஒற்றை எக்ஸுக்காக ஊர் உலகம் கட்டிய தண்டத்துக்குக் கணக்கே கிடையாது.

2007-இல் மைக்ரோசாஃப்ட் தன் பவர்பாயின்ட் கோப்பின் வடிவத்தைப் பிபிடியிலிருந்து பிபிடிஎக்ஸாக மாற்றியது. 2003 வெர்ஷன் வைத்திருந்தவருக்குப் புதுக் கோப்பு திறக்கவில்லை. அவர் கணினியில் ஒரு பழுதும் இல்லை. பக்கத்து மேஜைக்காரர் புதுசு வாங்கிவிட்டார், அவ்வளவுதான். ஆறுதல் பரிசாக ‘கம்பாட்டிபிலிட்டி பேக்’ ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள். 2018-இல் அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

பழைய வடிவில் சேமித்து அனுப்பலாமே? அனுப்பலாம். ஸ்மார்ட்ஆர்ட் வரைபடம் வெறும் படமாகிவிடும். பழைய வெர்ஷனில் அதில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. தமிழுக்கு இன்னொரு தொல்லை: ‘வானவில் அவ்வையார்’ எழுத்துருவில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் கிறுக்கலாக இறங்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு 2010-லேயே தமிழக அரசு ஆணை போட்டுவிட்டது. அந்த ஆணையைப் படிக்க எந்த எழுத்துரு வேண்டுமோ!

வியாபாரி விற்கிறான், விடுங்கள். நம் ராஜாக்கள் என்ன கிழித்தார்கள்? இந்தப் புது வடிவத்தைச் சர்வதேசத் தரமாக்கச் சொல்லி 6,000 பக்கத்துக்கும் மேல் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, இந்தியத் தர அமைவனம் 2007-இல் எதிர்த்து வாக்களித்தது. 2008-இலும் எதிர்த்தது. வீரம்தான். தோற்றாலும் வீரம். 2010-இல் மத்திய அரசு, மின்னாளுகைக்குத் திறந்த தரங்களே வேண்டும், ராயல்டி கூடாது என்று கொள்கையும் வெளியிட்டது. ஓடிஎஃப் என்ற திறந்த வடிவம் 2006-லேயே சர்வதேசத் தரம். அதைக் கையாளும் லிப்ரே ஆபீஸுக்குக் காலணா செலவில்லை.

இவ்வளவும் பேசிய அரசின் ஆய்வுக்கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். முதல் கேள்வி: “பிபிடி ரெடியா?” ஓடிஎஃப் கோப்பை நீட்டுகிறவரை, கள்ளநோட்டு நீட்டியவரைப் போலப் பார்ப்பார்கள். எதிர்த்து வாக்களித்த வடிவத்துக்காக வாங்கும் மென்பொருளுக்கு உரிமக் கட்டணம். கட்டுவது யார்? நீங்களும் நானும்.

அப்படி என்னதான் இருக்கிறது அந்த ஸ்லைடுகளில்? போன வருஷத்துச் சாதனைகள். ஆண்டை மட்டும் மாற்ற வேண்டும். ஆண்டோ படத்துக்குள் மாட்டிக்கொண்டது. எனவே புது வெர்ஷன் வாங்க அனுமதி கோரிக் கோப்பு மேலே போயிருக்கிறது. காகிதக் கோப்பு. அது எந்த மேஜையிலும் திறக்கும்.