நேரமின்மை கருதி

ஊர் வரலாற்று மன்றங்களின் மாதாந்தரச் சொற்பொழிவுகளைக் குறை சொல்பவர்களுக்கு வரலாறு தெரியாது. எந்த ஊரில் மன்றம் தொடங்கினாலும் அந்த ஊருக்கு உடனே இரண்டாயிரம் வயதாகிவிடுகிறது. இத்தனை வேகத்தில் அங்கே ஒரு சாக்கடை கூடக் கட்டப்பட்டதில்லை. சான்று எங்கே என்பார்கள். வயலில் கிடைத்த பானை ஓடு போதாதா? அது போன வருஷத்துப் பொங்கல் பானையாக இருக்கலாமே என்பது பண்பாட்டுத் தொடர்ச்சியை மறுக்கும் வாதம், பதிலுக்குத் தகுதியற்றது.

பேச்சு இருபது நிமிஷம், பொன்னாடை ஒரு மணி நேரம் என்றொரு புகாரும் உண்டு. பேச்சு காற்றோடு போகும்; பொன்னாடைப் படம்தான் நாளைய ஆவணம். தலைப்பு பெரும்பாலும் உத்திரமேரூர்க் கல்வெட்டுதான். முதலாம் பராந்தக சோழன் காலத்திலேயே, 35 வயதுக்கு மேல் 70-க்குள் இருந்தவர்களைத்தான் ஊர்ச்சபைக்குக் குடவோலையில் தேர்ந்தெடுத்தார்கள். மூன்றாண்டுக்குள் பதவி வகித்தவர் மறுபடி வர முடியாது. இதைச் சொல்லும்போது மன்றத்தின் நிரந்தரத் தலைவருக்குக் குரல் தழுதழுக்கும். எழுபத்தெட்டு வயதில் அப்படியொரு ஜனநாயக உணர்ச்சி அபூர்வம். கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர்கள் என்ற அடுத்த பகுதி, நேரமின்மை கருதி, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது. அதற்கான நன்கொடையை, பொருளாளரான தலைவரின் மைத்துனரிடம் செலுத்தலாம்.