மொட்டைமாடி ராக்கெட்டின் உயரமும் நேரமும்: ஒரு முன்னாய்வு

தீபாவளி ராக்கெட்டைப் பற்றித் தமிழில் முறையான ஆய்வு இதுவரை இல்லை. இருந்திருந்தால் அதை மறுத்து நான்கு கட்டுரைகளாவது வந்திருக்கும். அக்குறையை நீக்குவதே நம் நோக்கம். ஆய்வு எல்லை: ஒரு தெரு, மொட்டைமாடிகள் உட்பட.

வரலாறு: எதையும் சங்க காலத்திலிருந்து தொடங்குவதே அறிஞர் மரபு. அப்போது வெடிமருந்து இல்லை என்ற அற்பக் காரணத்தால் நேராக 1780க்குத் தாவ வேண்டியிருக்கிறது. அவ்வாண்டு காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஹைதர் அலி, திப்பு படைகள் ஆங்கிலேயர்மேல் ராக்கெட் விட்டன. மைசூர்க்காரர்கள் இரும்புக் குழாயில் மருந்தை அடைத்து மூங்கிலில் கட்டினார்கள். இன்று இரும்பு காகிதமாகிவிட்டது, எதிரி எதிர்வீட்டுக்காரராகிவிட்டார்.

குச்சி: உடைந்தால் ராக்கெட் வானத்துக்குப் போகாது, பால்கனிக்குப் போகும்.

ஏவுதளம்: காலி பாட்டில். மது வாடையே அறியாத வீட்டுக்கு அது எப்படி வந்தது என்பது தனி ஆய்வுக்குரியது. அதை வீட்டுப் பெண்கள் ஏற்கெனவே தொடங்கிவிட்டார்கள்.

உயரம்: வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையிலான நேரத்தை எண்ணி, வினாடிக்கு 340 மீட்டர் என்று பெருக்கினால் தூரம் கிடைக்கும். 100 மீட்டருக்கு வருவது 0.3 வினாடி; ‘ஒன்று’ என்று சொல்லி முடிப்பதற்குள் போய்விடும். எனவே நம் தெரு தென்னைமர அளவையையே கடைப்பிடிக்கிறது. விட்டவர் கணக்கு மூன்று மரம் (கீழ்வீட்டு மாமா, வாய்மொழி). பார்த்தவர் கணக்கு ஒன்றரை. அடுத்த தீபாவளியில் ஐந்து (கீழ்வீட்டு மாமா, திண்ணை உரை, முதல் காபிக்குப் பின்).

சத்தம்: வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபலைத் தாண்டும் பட்டாசுக்குத் தடை உண்டு. ராக்கெட்டுக்கு அந்த 4 மீட்டர் வானத்தில் இருக்கிறது. அங்கே கருவியோடு நிற்க ஒரு முனைவர் பட்ட மாணவர் வேண்டும். அனுப்பிவைக்க நெறியாளர்கள் பலர் தயார்.

நேரம்: இங்குதான் அறிவுலகம் பிளவுபடுகிறது. மருந்து எரிந்து தீர்ந்த பிறகும் ராக்கெட் வந்த வேகத்தில் சற்று ஏறும். மேலே எறிந்த பந்துபோல ஒரு கணம் நின்று, பிறகு இறங்கும். நிற்கும் கணத்தில் வெடித்தால் பொறி வட்டமாக விரியும். பிந்தினால் கீழே சாயும். இதில் எவருக்கும் சண்டை இல்லை. சண்டை கடிகாரத்தில்.

2018இல் உச்ச நீதிமன்றம் தீபாவளிக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க, தமிழ்நாடு அரசு அதைக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்தது. இரவு 7.59க்கு ஊதுவத்தியை வைக்கிறோம். திரி நமத்திருக்கிறது. சீறிச் சீறி யோசித்து, 8.00க்குக் கிளம்பி, 8.00.03க்கு வெடிக்கிறது. சட்டத்துக்குள்ளா, வெளியேவா?

திரி பற்றிய கணமே கணக்கு என்பது திரிவாதம். பட்டாசென்றால் வெடிப்பு, எனவே வெடித்த கணமே கணக்கு என்பது வெடிவாதம். வெடித்தாலும் காதில் விழும்வரை சத்தமில்லை, ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் நேரம் வேறு என்பது செவிவாதம். இதன்படி ஒரே ராக்கெட் கீழ்வீட்டில் குற்றம், மாடியில் கொண்டாட்டம். மூன்றாம் பள்ளி ஏன் தோன்றியது? முதல் இரண்டிலும் தலைவர் பதவி காலியில்லை.

காது மந்தமானவர் வீட்டில் குற்றமே நிகழவில்லை என்னும் தீவிரச் செவிவாதமும் உண்டு (மேலது, இரண்டாம் காபி, திருத்தியும் விரித்தும், அதை மறுத்து அத்தை அடுக்களையிலிருந்து கூறியது, குக்கர் விசிலால் இரண்டு இடங்களில் சிதைந்தது, சிதைவை நிரப்பிய மாமாவின் பாடம், அத்தையால் ஏற்கப்படாதது, ஒப்பு நோக்குக: மேலது, மேலதற்குக் காண்க: கீழது).

வருங்கால ஆய்வாளர்களுக்கு ஒரே வேண்டுகோள்: கிளம்பாத ராக்கெட்டைக் குனிந்து எட்டிப் பார்க்கும் களப்பணி வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, ‘தரவு கிடைக்கவில்லை’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.