சர்வரை அன்னியரிடம் ஒப்படைப்பது எப்படி?

மண்ணூர், தண்டலம், ஒரகடம் பக்கம் பிரஸ் ஷாப்போ சிஎன்சி ஷாப்போ நடத்துகிறவர்களிடம் எப்படியும் ஒரு சர்வர் இருக்கும். டெலிவரி சலான், ஸ்டாக் கணக்கு, ஆட்களின் வருகைப்பதிவு எல்லாம் அதற்குள்தான். அதை முகம் தெரியாத ஒருவரிடம் ஒப்படைக்கப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது, பொறுமை இருந்தால் போதும்.

முதல் வேலை, விண்டோஸ் சர்வர் 2003 ஓடும் பழைய பெட்டி இருந்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வது. மாடிப்படிக்குக் கீழே, யூபிஎஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் பாருங்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருக்கும், பேட்ச்தான் ஒன்றுகூட ஒட்டியிருக்காது. 2015 ஜூலை 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதைக் கைகழுவிவிட்டது. அதில் வரும் ஐஐஎஸ் 6.0 என்ற வெப் சர்வரில், வெப்டேவ் பகுதியில் ஓர் ஓட்டை இருப்பது 2017 மார்ச்சில் அம்பலமானது. திருடர்களுக்கு அது 2016-லேயே தெரியும்.

ஓட்டையின் சூட்சுமம் தெரிந்தால் ஒப்படைப்பதில் தனி ரசனை வரும். வெளியிலிருந்து வரும் கோரிக்கையை வைக்க, புரோகிராம் எழுதியவர் மெமரியில் இவ்வளவு இடம் என்று ஒதுக்குகிறார். வருவது அதில் அடங்குமா என்று பார்க்க மறந்துவிடுகிறார். ஷிஃப்ட் பஸ்ஸில் சீட் நிறைந்த பிறகும் ஆளை ஏற்றிக்கொண்டே போனால் கடைசியில் ஏறுகிறவன் டிரைவர் சீட்டில்தான் உட்காருவான். அப்புறம் பஸ் கம்பெனிக்கா போகும்? கம்ப்யூட்டரில் அந்த டிரைவர் சீட் என்பது, அடுத்த கட்டளை எங்கே இருக்கிறது என்று குறித்து வைத்திருக்கும் முகவரி. வழிந்த எழுத்துகள் அதன்மேல் விழுந்தால் அனுப்பியவர்தான் முதலாளி.

இந்த வித்தையை ஊரறியச் செய்தது 2001 ஜூலையில் வந்த கோட் ரெட் புழு. 'என்' என்ற ஒரே ஆங்கில எழுத்தை 200 தடவைக்கு மேல் வரிசையாக அடித்து, வாலில் தன் கட்டளைகளைச் சேர்த்து ஐஐஎஸ்ஸுக்கு அனுப்பும், அவ்வளவுதான். ஜூலை 19 அன்று 14 மணி நேரத்துக்குள் சுமார் 3,59,000 கம்ப்யூட்டர்கள் விழுந்தன. விழுந்த இடம், தேடல் வசதிக்காக ஐஐஎஸ்ஸோடு தானாகவே வந்து உட்கார்ந்திருந்த ஒரு துணைப் பகுதி. அது இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆகவே உபயோகிக்காத எதையும் அணைத்துத் தொலைக்காதீர்கள்! பேட்ச் ஜூன் 18-லேயே வந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதனால் பேட்ச் விஷயத்தில் உறுதி வேண்டும். "சார், அப்டேட் போடணும், ரெண்டு மணி நேரம் சர்வர் நிக்கும்" என்று ஐடி பையன் வந்து நிற்பான். "ஓடுறதுல கை வைக்காதப்பா, மாசக் கடைசி டிஸ்பாட்ச் முடியட்டும்" என்று அனுப்பிவிடுங்கள். அது முடிந்தால் ஆடிட், அதற்கப்புறம் பொங்கல். உங்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. சரக்கு தாமதமானால் பெரிய கம்பெனி டெபிட் நோட் அனுப்பும், பேட்ச் போடாததற்கு யார் அனுப்புகிறார்கள்?

பெரிய கம்பெனிக்கு இதெல்லாம் வராது என்பவர்களுக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. 2017 மே 12-ல் கிளம்பிய வானாக்ரை என்ற புழு, ஒரகடத்திலுள்ள ரெனோ-நிஸான் ஆலையையும் விட்டுவைக்கவில்லை. அது நுழைந்தது வெப் சர்வர் வழியாக அல்ல, விண்டோஸின் ஃபைல் பகிர்வு வழியாக. ஆனால் ஓட்டை இதே மெமரி வழிதல் வகைதான். இதற்கும் பேட்ச் மார்ச் 14-லேயே தயார்.

மிச்சமெல்லாம் சில்லறை வேலை. சிசிடிவி, கைரேகை மெஷின், சிஎன்சி, வந்துபோகிறவர்களின் போன் எல்லாவற்றுக்கும் ஒரே வைஃபை கொடுங்கள். ஏஎம்சிக்காரர் வீட்டிலிருந்தே பார்க்க வசதியாக ரூட்டரில் போர்ட்டைத் திறந்து விடுங்கள். பேக்கப்பை அதே சர்வரின் டி டிரைவில் வையுங்கள்.

எல்லாம் கைகூடிய பிறகு ஒரு தொல்லை மட்டும் பாக்கி. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவுப்படி, ஊடுருவல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும், 180 நாள் லாக் கையில் இருக்க வேண்டும். சிறுதொழில்களுக்குத் தந்த அவகாசமும் அந்த ஆண்டு செப்டம்பர் 25-ஓடு முடிந்தது. கட்டணமில்லா எண் 1800-11-4949. சர்வர் இருக்கும் இடத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்.