அடிக்கு 60 டொலர்

ஸ்காபரோவில் எங்கள் பின்வளவுக்கு மரவேலி போட விலை கேட்டேன். அடிக்கு 60 டொலர் என்றார் வேலிக்காரர். அது மருந்தேற்றிய பைன் மரத்துக்கு. சீடர் என்றால் இன்னும் ஏறுமாம். 120 அடிக்கு 7,200. அதற்கு மேல் 13 வீத வரி. ஆக 8,136 டொலர். பழைய வேலியைப் பிடுங்கி ஏற்றிப் போவதற்குத் தனிக் காசு. "அதை நானே கொத்தி எரிச்சா என்ன?" என்று கேட்டேன். மருந்தேற்றிய மரத்தை எரிக்கவே கூடாதாம், புகையும் நஞ்சு, சாம்பலும் நஞ்சு.

யாழ்ப்பாணத்தில் பழைய வேலியை ஏற்றிப் போகச் சொல்லிக் காசு கொடுத்தவர் எவருமில்லை. அவிழ்த்த பனையோலை தோட்டத்து மண்ணுக்குள் பசளையாகப் போகும். உக்கிய கிடுகு அடுப்புக்குப் போகும். கதியாலுக்கும் செலவில்லை. கிளுவையோ பூவரசோ முள்முருங்கையோ ஒரு தடியை வெட்டி ஊன்றினால் அது துளிர்த்துவிடும். அதன் குழை ஆட்டுக்கு. வேலியடைப்பு அன்று வெளியே ஒருவர் நின்று குத்தூசியை ஓலைக்குள் செலுத்துவார். உள்ளே நின்று கயிற்றைக் கோர்த்து விடுவது வீட்டுப் பெடியன்களின் வேலை. கண்ணில் குத்தூசி படாமல் தப்பினால் கெட்டிக்காரன்.

மலிவுதான். ஆனால் அந்தக் காலத்து வேலியை நினைத்து உருகுகிறவர்கள் ஒரு செலவை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். வேலியடைக்க வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்கவென்று எங்கள் வீட்டுக் குசினிக்கு வெளியே ஒரு பேணி தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. வேலி முழுவதும் அவர் கைபட்டது. கிணற்று வாளியில் மட்டும் அந்தக் கை படக் கூடாது. கூலியைப் பேரம் பேசிக் குறைத்த பெருமையை ஆச்சி அன்றிரவு எல்லாருக்கும் சொல்வா.

இன்னொரு செலவு கோட்டில் நடக்கும். யாழ்ப்பாணத்துக் கதியாலுக்குக் கால் உண்டு. ஒவ்வொரு அடைப்பிலும் ஒரு விரற்கடை பக்கத்துக் காணிக்குள் எட்டி வைக்கும். கண்டுபிடித்தால் சண்டை, பிறகு வழக்கு. ஒரு முழ நிலத்துக்காகப் பரப்புக் கணக்கில் காணி விற்று வழக்காடிய குடும்பங்கள் ஊருக்கு ஊர் இருந்தன.

இங்கே வேலி நடக்காது. நிலம் உறைந்து தூக்கிவிடும் என்பதால் நாலடி ஆழத்துக்குக் கிடங்கு கிண்டிக் கொங்கிறீற் போடுகிறார்கள். கிண்ட முன்னர் 'ஒன்ராறியோ வன் கோல்' அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். வந்து காஸ் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று நிலத்தில் குறித்துவிட்டுப் போவார்கள். வேலி போடுவதில் இது ஒன்றுதான் இலவசம். பின்வளவில் உயரம் இரண்டு மீற்றரைத் தாண்டக் கூடாது. தாண்டினாலும் என்ன பயன்? சுற்றிவர மாடி வீடுகள். நாங்கள் கோழி வாட்டுவது மூன்று வீட்டுப் படுக்கையறை ஜன்னல்களுக்குத் தெரியும். 8,136 டொலர் கொடுத்து நான் மறைப்பது அணில்களின் பார்வையைத்தான்.

ஒன்ராறியோவில் எல்லைவேலிகளுக்கென்றே ஒரு சட்டம் உண்டு. அயலவர்கள் ஒத்துவராவிட்டால், வேலியைப் பார்வையிடவென்று நியமிக்கப்பட்டவர்கள் வந்து பார்த்து, யார் எவ்வளவு போட வேண்டும் என்று தீர்ப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் விவசாயிகளுக்காகத் தொடங்கிய ஏற்பாடு. வாசித்தபோது, எங்கள் ஊரார் யாரோ இருந்து எழுதிக் கொடுத்தது போலத் தோன்றியது.

ஊரில் இப்போது கிடுகு வேலி தேடித்தான் காண வேண்டும். எங்கும் சீமெந்துக்கல் மதில். தங்கச்சி வீட்டு மதிலுக்குக் காசு அனுப்பியவன் நான்தான். ஆகவே 'அந்த அழகான வேலிகள் போச்சே' என்று நான் கவிதை எழுத முடியாது. மதிலில் பொட்டு இல்லை என்பதை மட்டும் சொல்லலாம். கிடுகு வேலியில் பொட்டு தானாக விழும். விழாவிட்டால் கோழி விழுத்தும். அதற்குள்ளால் சீனி போகும், சண்டை பிடித்த வீட்டுக்கும் கறி போகும். 1987இல் றோட்டில் வெடி கேட்டபோது வீடு வீடாகப் பொட்டுக்குள்ளால் புகுந்து ஓடினோம். வேலி போட்டவர்களே வேலியைப் பிய்த்த காலம் அது.

புது வேலி நின்ற கிழமையே மனுசிக்குப் பிரச்சினை. பக்கத்து வீட்டுக்காரர் வடமராட்சி. அவர் மனுசியும் இவவும் கறிவேப்பிலையும் புதினமும் மாற்றுகிறவர்கள். இப்போது ஒரு கிண்ணத்தோடு முன்பக்கத்தால் சுற்றிப் போக வேண்டும், அதுவும் பனிக்குள். வேலிக்காரரைத் திரும்பக் கூப்பிட்டு நடுவில் ஒரு சின்னக் கேற் வைக்க எவ்வளவு என்று கேட்டேன். 650 டொலராம், வரி வேறு.

பக்கத்து வீட்டுக்காரர் உடனே சம்மதித்தார். "பாதி நான் தாறன் அண்ணை. ஆனா கொளுக்கி எங்கட பக்கம்தான் இருக்கோணும்."

"அது சரிவராது தம்பி" என்றேன். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.