போரை மறப்பது எப்படி?

1950களின் மேற்கு ஜெர்மனியில், ஏதோ ஒரு நாவலுக்குள் நீங்கள் குடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். போர் முடிந்தாயிற்று, கையில் காசும் புழங்குகிறது. பழசு மட்டும்தான் தொண்டையில் நிற்கிறது. கவலையை விடுங்கள்.

முதலில் ஒரு பழக்கம் பிடியுங்கள். ஹைன்ரிஹ் போல் 1959இல் எழுதிய நாவலில் ராபர்ட் என்பவர் தினமும் காலை ஒன்பதரைக்கு ஓட்டலுக்குப் போய்ப் பதினொன்று வரை பில்லியர்ட்ஸ் ஆடுவார். அப்பா கட்டிய மடாலயத்தைப் போரின் கடைசி நாட்களில் வெடிவைத்துத் தகர்த்தவர் அவர். ஆனால் ஓட்டல் பையனிடம் பழங்கதை பேசிக் காரியத்தைக் கெடுத்துக்கொண்டார். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். வெடிவைத்த சுவரில் சாக்பீஸ் குறியையும் விட்டுவைக்காதீர்கள். மடாலயத்தைத் திரும்பக் கட்ட வருகிறவன் உங்கள் மகன். அப்பாவின் கையெழுத்து அவனுக்குத் தெரியும்.

அழுதால் பாரம் குறையும் என்கிறீர்களா? அதற்கும் இடமுண்டு. குந்தர் கிராஸின் 'தகர முரசு' (1959) நாவலில், டுஸ்ஸல்டார்ஃப் நகரில் 'வெங்காய நிலவறை' என்று ஒரு விடுதி. சாப்பிட ஒன்றும் கிடைக்காது. முதலாளி ஷ்மூ பன்றி வடிவிலோ மீன் வடிவிலோ ஒரு பலகை, ஒரு கத்தி, ஒரு வெங்காயம் தருவார். நறுக்கினால் கண்ணீர், கண்ணீர் வந்தால் பேச்சு. எதைப் பேசுவது என்பதில்தான் சூட்சுமம். அங்கே ஒரு ஜோடி, மிதிபட்டுக் கழன்ற கால்விரல் நகத்தில் தொடங்கிய தங்கள் காதலைச் சொல்லி அழுதது. அந்த அளவோடு நிறுத்திக்கொண்டால் பணத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக வீடு திரும்பலாம்.

எழுத்தாளராக இருந்தால் பதிப்பாளர் பேச்சைக் கேளுங்கள். இடிபாடுகளுக்கு நடுவே நடக்கும் ஒரு நாவலை ஹைன்ரிஹ் போல் 1950 வாக்கில் எழுதி முடித்தார். போர்க்கதை இனி யாருக்கு வேண்டும் என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். அவர் இறந்து ஏழு ஆண்டு கழித்து 1992இல்தான் அச்சேறியது.

இவை எதுவும் பலிக்காவிட்டால், 'மறக்காதீர்கள்' என்று ஊருக்கு உபதேசம் செய்யுங்கள். என் கணக்கில் இதற்கு நிகரான மருந்தே இல்லை. கிராஸ் பல பத்தாண்டுகள் அதைச் செய்தார், 1999இல் நோபல் பரிசும் பெற்றார். பதினேழு வயதில் நாஜிகளின் வாஃபன் எஸ்.எஸ். படையில் இருந்ததை 2006 ஆகஸ்டில்தான் வெளியே சொன்னார். அமெரிக்கர்களிடம் போர்க்கைதியாக இருந்தபோதே அந்த விவரம் தாளில் பதிவாகி, அவரும் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆகவே படிவம் கொடுத்தால் தயங்காமல் உண்மையையே எழுதிக் கொடுங்கள். அறுபது வருஷத்துக்கு யாரும் அதை எடுத்துப் பார்க்கப் போவதில்லை.